ஏழாம் அத்தியாயம்: காகத்தை அதன் குரலாலேயே அழைத்தல்

மலேசியாவின் கிள்ளான் பட்டணத்தில் இன்று கூட்டங்கூட்டமாகத் திரியும் சாம்பல் கழுத்து ஊர்க்காக்கை இந்த மண்ணில் இயல்பாகத் தோன்றிய பறவையன்று. 1890ஆம் ஆண்டுகளில், இவ்வட்டாரத்துக் காப்பித் தோட்டங்களைக் கம்பளிப்புழுக்கள் இலையில்லாமல் மொட்டையடித்துக்கொண்டிருந்தபோது, அப்புழுக்களைத் தின்று தீர்க்கட்டும் என்ற எண்ணத்தோடு இலங்கையிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விடப்பட்ட பறவை அது. பின்னர்க் காப்பியின் விலை வீழ்ந்தது. தோட்டங்களில் ரப்பர் கன்றுகள் ஏறின. காப்பி போன பின்னும் காகம் போகவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் ஜான்சிபார் தீவுக்கும் இதே பறவை கொண்டுசெல்லப்பட்டுக் கிழக்காப்பிரிக்கக் கரையெங்கும் பரவி, 2024ஆம் ஆண்டில் கென்ய நாட்டு வனவிலங்குத் துறை பத்து லட்சம் காகங்களை ஒழிக்கப் போவதாக அறிவிக்கும் அளவுக்குப் பெருகிற்று. வண்ணாத்திக்குருவியின் முட்டையையும், கொண்டைக்குருவியின் கண் திறவாத குஞ்சையும், முற்றத்தில் மேயும் கோழிக்குஞ்சையும் கவர்ந்து செல்லும் இந்தப் பட்சி, நம் பட்டணங்களில் வேட்டையாடும் பிராணியின் ஸ்தானத்தை வகிக்கிறது என்று சொல்வது மிகையாகாது.

கிள்ளான் நகர நிர்வாகம் துப்பாக்கி உரிமம் பெற்றவர்களைத் துணைக்கு அழைத்துக் காகங்களைச் சுட்டுக் குறைக்கும் பணியைப் பலமுறை நடத்தியிருப்பதை இவ்வூர் வாசகர் அறிவர். அத்தகைய பணியில் முறையான உத்தரவு பெற்றுச் சேர்பவர்களுக்காகவும், சுடாமலே ஒரு வட்டாரத்துக் காகங்களைக் கணக்கெடுக்க விரும்புபவர்களுக்காகவும் இந்த அத்தியாயம் எழுதப்படுகிறது. இரு சாராரும் முதலில் கற்க வேண்டிய வித்தை ஒன்றே. அது காகத்தின் குரலைப் பதிவு செய்து, ஒலிப்பெட்டியின் மூலம் உரிய இடத்தில், உரிய நேரத்தில், உரிய அளவில் அதற்கே திருப்பிக் கொடுக்கும் வித்தை.

குரலால் பிராணிகளை வரவழைப்பது புதிய செய்தியன்று. தமிழ்நாட்டு நரிக்குறவர்கள் கருவி ஏதுமின்றித் தம் தொண்டையினாலேயே பறவைகளின் அழைப்பையும் நரியின் ஊளையையும் எழுப்பி அவற்றை அருகே வரச்செய்த திறமை, 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து அவர்களுடைய வேட்டை நின்ற பிறகும் மக்களின் நினைவில் இருக்கிறது. அமெரிக்காவில் கொயோட்டி என்னும் ஓநாய் இனத்துச் சிறு விலங்கை வேட்டையாடுவோர், கண்ணியில் சிக்கிய முயலின் கதறலைப் பெட்டியில் அடைத்து வைத்துப் புதர்களுக்கிடையே ஒலிக்கச் செய்கிறார்கள். பசித்த விலங்கு இரை கிடைத்ததென்று எண்ணி வருகிறது. ஆனால் கொயோட்டியை அழைப்பதற்கும் காகத்தை அழைப்பதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. கொயோட்டி தன் வயிற்றுக்காகத் தனியே வருவது; காற்று வீசும் திசையைச் சுற்றிக்கொண்டு வந்து, மூக்கினால் சோதித்த பின்னரே நெருங்குவது. காகமோ தன் இனத்துக்காக வருவது. மூக்கை நம்பாமல், உயரத்தில் வட்டமிட்டுக் கண்ணினால் சோதிப்பது. ஆகையால் அமெரிக்க நூல்களில் காற்றைப் பற்றி எழுதியிருக்கும் பக்கங்களையெல்லாம் நாம் புரட்டிவிட்டு, அசையாமல் இருப்பதைப் பற்றியும் மறைந்திருப்பதைப் பற்றியும் எழுதியிருக்கும் பக்கங்களை மட்டும் ஊன்றிப் படித்தால் போதும்.

காகம் தன் இனத்தைக் கூவி அழைத்து உண்ணும் சுபாவத்தைத் திருவள்ளுவர் சுற்றந்தழால் அதிகாரத்தில் எடுத்துக்காட்டினார். அந்தச் சுபாவமே நம் வித்தைக்கு அஸ்திவாரம். எனினும், காகத்தின் வாயிலிருந்து வரும் ஒலிகள் எல்லாம் ஒன்றல்ல என்பதை அறியாமல் கடையில் கிடைத்த ஒலிநாடாவையோ, கைபேசியில் இறக்கிய ஏதோ ஒரு பதிவையோ போட்டுவிட்டு, ‘காகம் வரவில்லையே’ என்று ஏங்குவதில் பிரயோஜனமில்லை. முக்கிய ஒலிகள் மூன்று. முதலாவது, கூட்டுங்குரல்: நீட்டி, கரகரப்பாக, இடைவெளி குறைந்து அடுக்கடுக்காக எழுவது; பருந்தையோ பூனையையோ கண்டு அதைச் சூழ்ந்துகொள்ளத் தன் இனத்தை அழைக்கும்போது இதைக் கேட்கலாம். இரண்டாவது, பிடிபட்ட காகத்தின் அலறல்: குரல் உடைந்து, மூச்சுத் திணறி, மேலும் கீழும் சறுக்குவது, இதைக் கேட்ட மாத்திரத்தில் சுற்றுவட்டாரத்துக் காகங்கள் தலைக்கு மேல் வந்து குமுறும். மூன்றாவது, எச்சரிக்கைக் குரல்: குறுகிய, வெட்டுப்பட்ட ஒரே ஓசை. இதைத் தவறியும் ஒலிக்கலாகாது. இது கேட்டால் வந்திருக்கும் காகங்களும் மரத்தை விட்டுக் கிளம்பி, சப்தமின்றிக் கலைந்துவிடும். இவை தவிர, இணைகள் தமக்குள் மெல்லப் பேசிக்கொள்ளும் முனகலும், இரை கேட்டு வாய்பிளக்கும் குஞ்சின் கத்தலும் உண்டு. அவை ரசிக்கத் தக்கவை, அழைப்புக்கு ஆகாதவை.

அமெரிக்கப் பேராசிரியர் ஹூபர்ட் ஃப்ரிங்ஸும் அவருடைய மனைவி மேபல் ஃப்ரிங்ஸும் 1950ஆம் ஆண்டுகளில் இக்குரல்களைத் தனித்தனியே பதிவு செய்து, அமெரிக்கக் காகத்தின் குரலைப் பிரான்சு நாட்டுக் காகங்களுக்கும், அவற்றின் குரலை அமெரிக்கக் காகங்களுக்கும் மாற்றி மாற்றி ஒலித்துப் பரிசோதித்தார்கள். ஓரிடத்துக் காகத்தின் பேச்சு மற்றோரிடத்துக் காகத்துக்கு எப்போதும் விளங்கிவிடுவதில்லை என்பது அப்பரிசோதனைகளிலிருந்து தெரியவந்தது. ஆதலால் வெளிநாட்டு நிறுவனங்கள் விற்கும் பதிவுகளை நாடாமல், கிள்ளான் காகத்தை அழைக்கக் கிள்ளானிலேயே பதிவு செய்த குரலைப் பயன்படுத்துவதுதான் புத்திசாலித்தனம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அந்நியக் காகம் அமெரிக்கக் காகம், நம்முடையது ஊர்க்காக்கை, ஜாதியே வேறு.

பதிவு செய்யக் கற்றுக்கொள்வதற்குக் கோலாலம்பூரின் பிரிக்ஃபீல்ட்ஸைப் போல் நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. துன் சம்பந்தன் சாலையின் வாழையிலை உணவகங்களுக்குப் பின்னாலுள்ள சந்துகளில், காலை ஏழரை மணிக்கு மேல், குப்பைத் தொட்டியின் மூடி முழுதும் மூடப்படாமல் நிற்கும் இடமாகப் பார்த்து, ஒரு சுவரோரம் ஒதுங்கி நில்லுங்கள். முதலில் ஒரு காகம் மாத்திரம் மின்கம்பத்தின் உச்சியில் வந்து உட்காரும். அது உடனே இறங்குவதில்லை. கழுத்தை ஒருபுறமாகச் சாய்த்து ஒரு கண்ணால் தொட்டியையும், பிறகு மறுபுறம் சாய்த்து மற்றொரு கண்ணால் உங்களையும் பார்க்கும். அலகை மின்கம்பியில் இரண்டு பக்கமும் தேய்த்துக்கொள்ளும். தொண்டைச் சிறகுகள் சிலிர்த்து விரிய, உடலை முன்னுக்குத் தள்ளி வாலைத் தாழ்த்திக்கொண்டு கூப்பிடும். வாலின் அந்தத் தாழ்வை நன்றாகக் கவனியுங்கள். கூட்டுங்குரல் எழும்போது உடல் முழுவதும் குரலுக்கு ஊதுகுழலாகிறது. எச்சரிக்கைக் குரல் எழும்போதோ உடல் நிமிர்ந்து, சிறகு ஒட்டி, கால்கள் பாயத் தயாராகின்றன. காதுக்கு முன்னால் கண் பழகிவிட்டால், பின்னர்ப் பதிவைக் கேட்கும்போது எது எதுவென்று பிரித்தறிவது சுலபமாகும்.

பதிவுக்கு விலையுயர்ந்த கருவி எதுவும் அவசியமில்லை. காகத்தின் குரல் நம் காதுக்கு நன்றாக எட்டும் நடுத்தர ஒலியெல்லைக்குள் அடங்குவதால், நல்ல கைபேசியும், வெளியிலிருந்து செருகும் ஒரு சிறிய மைக்கும், காற்றின் இரைச்சலைத் தடுக்க அதன்மேல் ஒரு பஞ்சு உறையும் போதும். மோட்டார் சைக்கிள் ஓசையும், ரயில் பாதையின் அதிர்வும் கலவாத பதிவு வேண்டுமானால் ஞாயிற்றுக்கிழமை அதிகாலை நல்ல நேரம். பதிவில் உங்கள் செருப்போசை கேட்டால் அப்பதிவை நீக்கிவிடுங்கள். மனிதனின் அடியோசை காகத்தை எச்சரித்துவிடும்.

ஒலிக்கும் கருவியைப் பற்றிச் சில வார்த்தைகள். மின்சாமான் வாங்குவோர் நாடிச் செல்லும் கோலாலம்பூர் ஜாலான் பசார் கடைகளில், கூம்பு வடிவ ஒலிபெருக்கியும், பன்னிரண்டு வோல்ட் பேட்டரியில் ஓடும் சிறிய ஒலிமிகுப்பியும், பென் டிரைவ் செருகும் பலகையும் தனித்தனியே வாங்கி இணைத்துக்கொள்ளலாம். கோயில் திருவிழாவுக்குக் கட்டும் பெரிய குழாய் வேண்டாம். உள்ளங்கை அகலக் கூம்பே நன்று. குரல் காகத்தின் குரல் அளவில் இருக்க வேண்டுமேயன்றி, மைதானம் முழுதும் கேட்க வேண்டியதில்லை. இயல்புக்கு மீறிய உரத்த குரலைக் கேட்ட காகம் நெருங்காமல் தூரத்து மரத்தில் நின்று விசாரிக்கத் தொடங்கிவிடும். தூரத்திலிருந்து இயக்கும் கைவிசை ஒன்று இருந்தால், ஒலிபெருக்கியை ஆள் இருக்கும் இடத்திலிருந்து இருபது அல்லது முப்பது மீட்டர் தள்ளி, தலைக்கு மேலான உயரத்தில் ஒரு கிளையிலோ தூணிலோ கட்டிவிட்டு, நீங்கள் மறைவில் இருந்துகொள்ளலாம். காகத்தின் கண் குரல் வரும் இடத்தை நோக்கும், உங்களை நோக்காது. இந்த ஒரு தந்திரத்துக்காகவே மின்சாதனம் வாயினால் ஊதும் ஊதலைவிட மேலானது என்று சொல்லலாம்.

காலத்தைப் பற்றி. நம் நாட்டில் ஆண்டு முழுதும் சூரியோதயமும் அஸ்தமனமும் காலை ஏழு மணியையும் மாலை ஏழு மணியையும் ஒட்டியே நிகழ்வதால், காகத்தின் நாள் ஒழுங்கை ஒருமுறை கற்றவர் ஆண்டு முழுதும் அதை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. இருள் பிரியுமுன் அவை இரவு தங்கிய மரங்களை விட்டுச் சிதறுகின்றன; மாலையில் ஐந்தரை மணி முதலே கூரைகளிலும் கம்பங்களிலும் முன்கூட்டம் கூடி, இருட்டும்போது மழைமரங்களிலும் அங்சானா மரங்களிலும் அடைகின்றன. தங்குமரத்தின் அடியில் ஒலிக்கக் கூடாது. ஆயிரக்கணக்கான காகங்கள் ஒருங்கே எழுந்து ஊரைக் கலக்குவதோடு, அந்த மரத்தையே கைவிட்டு வேறொரு தெருவுக்குப் போய்விடும், உங்கள் உழைப்பின் பலன் அண்டை வீட்டாருக்கு உபத்திரவமாக முடியும். காலை எட்டு மணி முதல் ஒன்பதரை வரை, அவை சிறு சிறு குழுக்களாகப் பிரிந்து இரை தேடும் நேரமே அழைப்புக்கு உகந்தது. பாங்கு ஒலிக்கும் நேரத்திலும், பூசைக்கு மணி அடிக்கும் நேரத்திலும் பெட்டியை நிறுத்திவிடுங்கள். பள்ளிக்கூடம், மருத்துவமனை ஆகியவற்றின் அருகே பெட்டியைத் திறக்கவே வேண்டாம்.

அழைக்கும் முறை இதுதான். இடத்துக்கு வந்ததும் ஐந்து நிமிடம் சும்மா இருங்கள். பிறகு கூட்டுங்குரலைச் சிறிது நேரம் ஒலித்து நிறுத்துங்கள். நிறுத்துவதுதான் முக்கியம், இடைவிடாமல் கத்துகிற காகம் உலகத்தில் இல்லை. எங்கேனும் ஒரு பதில் எழுந்தால், அந்தப் பதிலுக்குப் பிறகே மறுபடியும் ஒலியுங்கள். முதலில் வருவது பெரும்பாலும் ஒற்றைக் காகம். அது தலைக்குமேல் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுச் சென்றுவிட்டால் மனம் தளர வேண்டாம், அது செய்தி சொல்லப் போயிருக்கிறது. அது மறுபடியும் கூட்டத்தோடு வரும்போது பிடிபட்ட காகத்தின் அலறலை மிகக் குறுகிய நேரம் கொடுத்தால், அவை கிளைகளில் இறங்கும். கால் மணி நேரத்துக்கு மேல் ஓரிடத்தில் ஒலிப்பதால் ஒரு லாபமும் இல்லை. கணக்கெடுப்பவர் இந்த நேரத்தில் எண்ணி முடித்துவிடலாம்; எண்ணும்போது வட்டமிடுபவற்றை விட்டு, உட்கார்ந்தவற்றை மாத்திரம் எண்ணுவது பிழையைக் குறைக்கும்.

எண்ணுவதற்கு முன்னும் சுடுவதற்கு முன்னும் வந்திருப்பது ஊர்க்காக்கைதானா என்று நிச்சயித்துக்கொள்வது அத்தியாவசியம். கழுத்தும் மார்பும் சாம்பல் நிறமானால் ஊர்க்காக்கை. முழுக் கறுப்பும், தடித்து வளைந்த அலகும், கனத்த குரலும் உடையது அண்டங்காக்கை; அது இந்நாட்டுப் பூர்வீகப் பறவை, அதன் மேல் கை வைக்கலாகாது. சிவந்த கண்ணும் வெளிறிய பச்சை அலகும் கொண்ட ஆண் குயிலையும், வால் பிளந்த கரிச்சானையும் அவசரத்தில் காகமென்று எண்ணிவிடும் அபாயம் புதியவர்களுக்கு உண்டு. குயிலைப் பற்றி ஒரு விசேஷம் சொல்ல வேண்டும். முன்னொரு காலத்தில் வலசைக் காலத்தில் மட்டும் வந்துபோன குயில், ஊர்க்காக்கை பெருகிய பின் அதன் கூட்டில் முட்டையிட்டு, இந்தத் தீபகற்பத்தில் நிரந்தரவாசியாகிவிட்டது. இன்று பிரிக்ஃபீல்ட்ஸில் விடியற்காலையில் காதைத் துளைக்கும் அந்தக் கூவல் காகம் கொடுத்த கொடை. காகத்துக்குக் குயில் ஜென்மப் பகை. அதனால் கூட்டுங்குரலுக்கு மயங்காத காகங்களும் குயிலின் குரல் பதிவைக் கேட்டுச் சினந்து பாய்ந்து வருவதுண்டு. குரல்களில் இதையும் ஒன்றாகப் பெட்டியில் வைத்திருப்பது நல்லது.

துப்பாக்கியைப் பற்றிச் சுருக்கமாகவும் கண்டிப்பாகவும் சொல்லிவிடுகிறேன். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி போலீஸ் அளிக்கும் உரிமமில்லாமல் துப்பாக்கியை வைத்திருப்பது குற்றம். உரிமம் இருந்தாலும் ஊருக்குள் தன்னிச்சையாகச் சுடுவதும் குற்றம். நகராட்சி ஏற்பாடு செய்து, போலீசுக்கு அறிவித்து, சாலையை மறித்து நடத்தும் பணியில் மட்டுமே சுட வேண்டும். 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தைச் செயற்படுத்தும் பெர்ஹிலித்தான் துறையின் தலைமையகம் சேராஸில் இருக்கிறது. எந்தப் பறவையைச் சுடலாம், ஒலிப்பெட்டியைப் பயன்படுத்தலாமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். அமெரிக்காவில்கூட வாத்து முதலிய வலசைப் பறவைகளுக்கு மின்னொலி அழைப்பைப் பொதுவாகத் தடை செய்திருக்கிறார்கள். மனிதனுக்கு இது நியாயமற்ற அனுகூலம் தருகிறது என்பதே காரணம். பன்னிரண்டு போர் துப்பாக்கியின் ரவை முப்பது முப்பத்தைந்து மீட்டருக்கு அப்பால் காகத்தைக் கொல்லாமல் காயப்படுத்தும். காகத்தின் பின்னணியில் ஜன்னலோ, கூரையோ, மின்கம்பியோ தெரிந்தால் குறி எவ்வளவு நல்லதாயினும் விட்டுவிட வேண்டும்.

இந்த வித்தையில் கற்றுக்கொள்ளக் கடினமானது, நிறுத்திக்கொள்வது. காகத்தின் ஞாபகசக்தி நம்மை வியக்க வைப்பது. சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஜான் மார்ஸ்லஃப் என்னும் அறிஞர் 2006ஆம் ஆண்டில் ஒரு முகமூடி அணிந்து சில காகங்களைப் பிடித்து வளையமிட்டு விட்டார். அந்த முகமூடியைப் பல ஆண்டுகளுக்குப் பின்னும், பிடிபடாத காகங்களும் அப்போது பிறந்தேயிராத காகங்களும்கூடக் கண்ட இடத்தில் திட்டித் துரத்தின. ஒரு முகத்தை இப்படி ஞாபகம் வைத்துச் சந்ததிக்கும் சொல்லிக்கொடுக்கும் பறவை, சாவோடு சேர்ந்து ஒலித்த ஒரு குரலை மறக்கும் என்று எதிர்பார்ப்பது பேதைமை. ஒரு பதிவை ஒரு தெருவில் ஒருமுறை சுட்டுப் பயன்படுத்தினால், அப்பதிவை அத்தெருவில் மீண்டும் ஒலிக்கக் கூடாது. பணி முடிந்ததும் எந்தப் பதிவு, எந்தத் தெரு, எந்தத் தேதி என்று குறிப்பேட்டில் எழுதி வைக்காத குழு, அடுத்த மாதம் காலியான வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

கிள்ளானில் இப்பணி நடக்கும் தெருக்களில் வயதான தாய்மார்கள் வாசலில் வந்து நின்று, “தம்பி, அமாவாசைக்குச் சோறு வைக்கிற காக்கையாச்சே, அதப் போய் சுடுறீங்களே?” என்று கேட்பதுண்டு. கேள்விக்குக் கோபப்படாமல் நின்று பதில் சொல்ல வேண்டும். பித்ருக்களின் பெயரால் இலையில் சோறு வைத்துக் காத்திருக்கும் அந்த மனம் மதிப்புக்குரியது. “அம்மா, அமாவாசைச் சோறு தின்னும் காக்கை போகட்டும், தெருக்குப்பையைத் தின்று பெருகினவைதான் இவை” என்று சொல்லி, சந்தைக்குப் பின்னால் திறந்து கிடக்கும் தொட்டியைக் காட்டினால் அவர்களுக்கு விளங்கும். உண்மையும் அதுவே. மீன் கழிவும் சோற்று மிச்சமும் திறந்த தொட்டியில் கிடக்கும் வரைக்கும், சுடப்பட்ட காகத்தின் இடத்தை அடுத்த பருவத்துக் குஞ்சு வந்து நிரப்பிவிடும். துப்பாக்கி ஒரு நாளின் கணக்கைக் குறைக்கும், குப்பைத் தொட்டியின் மூடியோ ஆண்டின் கணக்கைக் குறைக்கும். ஆகையால் எந்தத் தெருவில் ஒலிப்பெட்டியை வைக்கப் போகிறீர்களோ, அந்தத் தெருவின் உணவகக்காரர்களிடம் முதல் வாரத்திலேயே தொட்டிகளை மூடச் சொல்லிப் பேசிவிடுங்கள். மூடாத தெருவுக்கு எங்கள் குழுவை அழைத்துச் செல்லாதீர்கள் என்று நகராட்சி அதிகாரியிடமும் சொல்லுங்கள்.

பணி முடிந்த பின் செய்ய வேண்டியவை சில. விழுந்த காகங்களை மழை வருமுன்னும் நாய்கள் வருமுன்னும் எண்ணி எடுக்க வேண்டும். கையுறையும் முகமூடியும் இல்லாமல் தொடக் கூடாது. பறவைக் காய்ச்சல் முதலிய நோய்கள் இறந்த பறவையிலிருந்து மனிதருக்கு வரக்கூடியவை. சேகரித்தவற்றை இரட்டைப் பையில் கட்டி நகராட்சி வண்டியில் ஏற்றிவிடுங்கள். சாக்கடையிலோ, ஆற்றிலோ எறிவது பெருந்தவறு. காயப்பட்டு மறைவில் கிடக்கும் காகம் ஒன்றேனும் இருக்கும் என்ற எண்ணத்தோடு சாலையோரப் புதர்களையும், வடிகால் மூடிகளின் அடியையும், கடைகளின் பின்புறத்தையும் முழுவதுமாகத் தேடி, கண்டதன் வேதனையை உடனே தீர்க்க வேண்டும். தேடும் நேரத்தில் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். மேலே வட்டமிடுபவை அப்போது கேட்கும் குரலைத்தான் அந்தத் தெருவோடு சேர்த்து வைத்துக்கொள்ளும்.